வெளியூர் ஆட்டத்தில் கோல் காத்தவள்

என் பிரியமுள்ள மச்சான் சாமுவேலுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஈஸ்டர் காலையில் கல்லறைக்குப் பூ வைக்க வந்தபோதுகூட உன்னிடம் வாய் திறக்காமல்தான் திரும்பினேன். சொல்ல வேண்டியது ஒன்று நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதைப் பேச மனசு வரவில்லை. ஒருவழியாக எழுத உட்கார்ந்துவிட்டேன். நம் சபைப் பத்திரிகைக்குத்தான் கொடுக்கப் போகிறேன். ஊரே படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. திருப்பதி ரோட்டில் புதிதாக ஒரு விளையாட்டரங்கம் கட்டியிருக்கிறார்கள். நம் சித்தூர் பெண்கள் ஹாக்கி அணி வெளியூரில் ஆடினால், அந்த அரங்கத்துக்குள் சுவர் அகலத்துக்குத் திரை வைத்து நேரலையாகக் காட்டுகிறார்கள். ஆட்டம் நடக்கிற மைதானத்தில் உயரமாக ஒரு கம்பம், அதன் உச்சியில் கேமரா. இயக்குவதற்கு ஆள் கிடையாது. பந்து போகிற பக்கம் தானாகவே திரும்புகிறது. நீ இருந்திருந்தால் அதற்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எப்படிப்பா பண்றே என்று விசாரித்திருப்பாய்.

நம் காலத்து நேரலை நினைவிருக்கிறதா? நீ அணியின் மேனேஜர், வேனில் கூடவே போவாய். மைதானத்து ஓரத்தில் நின்று போனில் சொல்வாய். நான் இங்கே சபை மண்டபத்தில் ஒரு காதில் போனும் ஒரு கையில் மைக்குமாக உட்கார்ந்து, நீ சொல்வதைத் திருப்பிச் சொல்வேன். சனிக்கிழமை மதியம் மண்டபம் நிறைந்துவிடும். ஒருவரும் ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் கோல் என்று சொன்னால் நாற்காலிகள் உருளும்.

முன்வரிசையில் என் தங்கச்சி எஸ்தர், உன் மனைவி, உட்கார்ந்திருப்பாள். உங்கள் மகள் ரூபி கோல்கீப்பர். சரியாகச் சொன்னால், இரண்டு கோல்கீப்பர்களில் ஒருத்தி. உள்ளூர் ஆட்டமென்றால் நம் ஜனங்கள் கைதட்டுவார்கள் என்று கோச் ரூபியை நிறுத்துவார். வெளியூருக்குப் போனால் பலமனேர்ப் பெண் லாவண்யாதான் நிற்பாள், ரூபி பெஞ்சில். இது வேனில் போகிறவர்களுக்கு மட்டும் தெரியும். மற்றப் பெண்கள் எல்லாரும் கடப்பா, அனந்தபுரம் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவர்கள். நம் சபையாரிடம் அவர்கள் என்ன பேசப் போகிறார்கள்?

அந்தப் பெங்களூரு ஆட்டத்தன்று எஸ்தர் டைபாய்டில் கிடந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தாள். "கீப்பர் தடுத்துட்டா மச்சான்!" என்று நீ போனில் கத்தினாய். நான் மைக்கில், "நம்ம ரூபி தடுத்துட்டா!" என்றேன். வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். எஸ்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அந்த முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் நீ திட்டுவாய் என்று பயந்தேன். நீ சிரித்தாய். "வுடு மச்சான். அடுத்த மேட்ச்சுல அவதானே நிக்கப் போறா" என்றாய். அடுத்த வெளியூர் மேட்ச்சிலும் அவள் நிற்கவில்லை. ஆனால் அன்று போனில் நீயே ரூபி என்று சொன்னாய். அதற்கப்புறம் இரண்டு வருஷம், லாவண்யா தடுத்ததெல்லாம் இங்கே ரூபி தடுத்ததாக ஆனது. ரூபி வேனை விட்டு இறங்கியதும் சபை வாசலில் மாலை போடுவார்கள். மாலையை வாங்கிக்கொண்டே நம் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்ப்பாள். நாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

இப்போது ரூபிக்கு ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்தில் தடாவில் விடுதியில் தங்கிக்கொண்டு போய் வரலாம். ஹாக்கி போதும் என்கிறாள். எஸ்தர் விட மாட்டேன் என்கிறாள். "ஊரு ஊரா போயி ஜெயிச்சுக் குடுத்த பொண்ணு, கம்பெனில போயி குந்துறதா? அவங்க நைனா எதுக்கு அத்தினி தூரம் அலைஞ்சாரு?" சபையும் எஸ்தர் பக்கம்தான். போதகர் ஐயா வீட்டுக்கே வந்து, பிள்ளைக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

ரூபி என்னிடம் வந்தாள். "மாமா, அந்தப் பேரு என்னுது இல்ல, லாவண்யாவுது. அத என் தலைல கட்டி என்னை இங்கியே பூட்டி வெச்சுட்டீங்க. நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"நீயே சொல்லேம்மா" என்றேன். எவ்வளவு பெரிய கோழை பார், உன் மச்சான்.

"நைனா பொய் சொன்னாருன்னு என் வாயால எப்படி மாமா சொல்வேன்? செத்தவரைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?"

அவளால் சொல்ல முடியாது, எனக்குத் தைரியம் இல்லை, உன்னைக் கேட்கவும் வழியில்லை. மூன்று பேரும் ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கதவை உள்ளேயிருந்து தாழ் போட்டவன் நான்.

போன சனிக்கிழமை மறுபடி பெங்களூருவில் ஆட்டம். அரங்கத்துக்குப் போன என்னை, "பழைய ஞாபகத்துக்கு அண்ணனே மைக்ல சொல்லட்டும்" என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்தில் அவ்வளவு பெரிய திரை. எதிரே ஜனம். வாசல் வரை நிற்கிறார்கள், நழுவிப் போகக்கூட இடமில்லை. கோலில் நின்றது லாவண்யாதான். ஆனால் ஹெல்மெட், கம்பி முகமூடி, கால் நிறைய பேடு. முகம் எங்கே தெரிகிறது? பெனால்டி கார்னரில் வந்த பந்தைப் பாய்ந்து விழுந்து தடுத்தாள். "ரூபி! ரூபி!" என்று அரங்கமே எழுந்தது. மச்சான், நானும் சொன்னேன். "நம்ம ரூபி தடுத்துட்டா!" என்று, அதே குரலில்.

அந்த ஆட்டம் போனிலும் வருகிறது. போனில் பார்த்தால் கேமரா காட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, மைதானத்தில் வேண்டிய பக்கத்துக்கு நாமே நகர்த்திக்கொள்ளலாம். எஸ்தர் பக்கத்தில் டியூஷன் டீச்சர் பத்மா இருந்தாள். "இதோ பாரு அக்கா, விரலால இப்படித் தள்ளினா படம் திரும்பும்" என்று தன் போனை எஸ்தர் கையில் கொடுத்தாள். மகளை ஆசை தீரப் பார்க்கட்டும் என்ற நல்ல மனசு. எஸ்தருக்கு விரல் பழக்கமில்லை. கோலைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, பெஞ்சுக்கே போய்விட்டாள். அங்கே ரூபி முகமூடி இல்லாமல் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எஸ்தர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மைக்கை வாயருகேயிருந்து கீழே இறக்கினேன். "சவுண்டு வர்ல!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள். "எத்தினி மேட்ச்சு ண்ணா?"

"வெளியூரு எல்லாமே."

"அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் நீ தப்பித்துக்கொள்வாய். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அதையும் ஆயுசு முழுக்கக் காப்பாற்றிக்கொண்டு திரிய வேண்டுமே. "தெரியும்மா. ஆரம்பிச்சது நானு. அப்பால ரெண்டு பேருந்தான்" என்றேன். உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், மச்சான். மன்னிப்பாயா?

இதுவரை எழுதியதை நேற்று எஸ்தரிடம் படித்துக் காட்டினேன். "போடு, எல்லாரும் படிக்கட்டும். பொண்ணு தடாவுக்குப் போவட்டும்" என்றாள். நான் எழுந்து செருப்பு மாட்டும்போது கூப்பிட்டாள்.

"ண்ணா, உள்ளூர்ல தடுத்ததாவது அவதானே?"

"ஏம்மா, நீயே கிரவுண்டுல குந்திக்கினு பாத்தியே!"

"பாத்தேன். கண்ணால பாத்ததையே இப்ப உன்னாண்ட கேட்டுக்கினு இருக்கேன் பாரு."

மச்சான், பலமனேருக்குப் போய் லாவண்யாவின் அம்மா அப்பா முன்னால் நின்று, அந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக அவள் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வேன். உன் பங்கையும் நானே சொல்கிறேன். திங்கட்கிழமை ரூபியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தடாவுக்குப் போவதும் நான்தான். எஸ்தர் தன் கண்ணைத் தானே நம்புகிற நாள் வரைக்கும், யார் கூப்பிட்டாலும் இனி மைக்கைத் தொட மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் மச்சான்,
எஸ்தருக்கு அண்ணனும் ரூபிக்குத் தாய்மாமனுமான
ஜெயசீலன்
சித்தூர்