டிபன் பையில் போன மண்

12 மார்ச் 2025
உளுந்து பிடுங்கிய கையோடு வடக்குத்து நிலத்தில் மண் எடுத்தேன். அங்கங்கே குழி தோண்டி, கலந்து, நிழலில் காயவைத்தாயிற்று. நிலம் நாத்தனார் கண்ணகி அண்ணியுடையது. பயிர் வைப்பது நாங்கள். மூன்று வருடத்துக்கு முன்பே மேல்மண்ணை லாரிக்காரருக்கு விற்றுவிட இருந்தார். “செத்த மண்ணு திலகா, இத வச்சிக்கினு என்னா பண்ணப் போற?” காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தவணை வாங்கினேன். அப்போது மண் சோதனையில் கரிமம் 0.31 சதவீதம். அதிலிருந்து வருடம் தவறாமல் ஆட்டுக்கார அய்யனாரின் செம்மறிகளை ராத்திரியில் நிலத்தில் அடைத்துக் கிடை போடுகிறேன். எங்கள் மாட்டுச் சாணமும் அங்கேதான் போகிறது. இந்த முறையும் ஏறவில்லை என்றால் அண்ணி மண்ணை விற்றுவிடுவார்.

நாளை மைன்ஸ் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரரே மண்ணைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துவிடுவார்.

28 மார்ச்
2.4! சாமி, இரண்டு புள்ளி நான்கு! அண்ணிக்குப் போன் செய்தேன். “நெசமாவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அய்யனார் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “எல்லாம் ஆட்டு மூத்திரங்க” என்றார். அந்த மனிதருக்கும் அவர் ஆடுகளுக்கும் எப்படி நன்றி சொல்வேன்!

30 மார்ச்
துவைப்பதற்காக வீட்டுக்காரருடைய டிபன் பையை உதறினேன். கொட்டியது கரித்தூள். மைன்ஸுக்குப் போய்வருகிற பை, எப்போதும் இருப்பதுதான். ஆனால் —

“அன்னைக்கு மண்ண எதுல எடுத்துக்கினு போனீங்க?”

“கவர் கிழிஞ்சி போச்சி. இந்தப் பையிலதான் கொட்டிக்கினு போனேன். ஏன்?”

ஏனாம்! சிரிப்பதா, அழுவதா? அவர் வெட்டுகிற நிலக்கரி அய்யனார் ஆடுகளின் பேரில் ஏறியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் அண்ணிக்கு எப்படித் தெரியப்போகிறது? சீ, என்ன புத்தி இது. மறுபடி மண் எடுக்க வேண்டியதுதான்.

2 ஏப்ரல்
புது மண், புதுப் பை, நானே கொண்டுபோனேன். சோதனைக்கூடத்துப் பொற்கொடி மேடம் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: “எருவுல இருக்கற கரிமத்துல பெரும்பகுதிய நுண்ணுயிரு தின்னுடும், காத்தோட போயிடும். கொஞ்சந்தாம்மா மண்ணுல ஒட்டும். வுடாம போட்டுக்கினே இருந்தாதான் அதுவும் நிக்கும்.” கடிந்துகொள்ளாமல் இருந்தாரே, அதுவே பெரிது.

17 ஏப்ரல்
0.46.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன், பை விஷயத்தையும் சேர்த்து. “செரி, போன வை” என்றார்.

18 ஏப்ரல்
0.31-இலிருந்து ஏறித்தானே இருக்கிறது? அது போதாதா அவருக்கு?

21 ஏப்ரல்
காலையில் நிலத்துக்குப் போனால் வரப்போரம் டிப்பர் லாரி. “வேணாங்க, மண்ணுல கைய வைக்காதீங்க, நான் அண்ணிகிட்ட பேசறன்” என்று கத்திக்கொண்டே ஓடினேன். டிரைவர் முழித்தார்.

“நான் அள்ள வர்லீங்க, கொட்ட வந்தேன். சேத்தியாத்தோப்பு கண்ணகி அம்மா வூட்டு எருக்குழியில அள்ளுனது. இன்னும் ரெண்டு நட இருக்குது. எங்க தட்டறது?”

அண்ணி, நீங்க நல்லா இருக்கணும். கிழக்கு மூலையைக் கைகாட்டினேன். அங்கேதான் மண் இன்னும் வெளுத்துக் கிடக்கிறது.