பினாங்குக்குப் போன கடுதாசி

9-11-1970, திங்கள்

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். டயரியிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன்! சஹர் சாப்பாட்டுக்கு எழ இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தூக்கம்தான் இல்லை.

பகலில் இடது கண்ணுக்குப் பின்னால் அதே குத்தல். வாந்தி. பொறுக்க முடியாமல் மாத்திரை போட்டேன், நோன்பு போயிற்று. மாமி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

12-11

வலி இல்லாத நாளிலும் தரை சாய்கிறது. நெஞ்சு படபடக்கிறது. ஜரீனா "தூக்கும்மா" என்று கை நீட்டுகிறாள் — கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். மூன்று வயதுப் பிள்ளை. தலைக்குள் கட்டி ஏதும் இருக்குமோ?

13-11, வெள்ளி

கிணற்றடியில் பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா: "என்ன பல்கீஸு, நோன்பையும் விடுறே, வாந்தியும் எடுக்கிறே? சாதிக் அண்ணன் கனவுல வந்துட்டுப் போறாகளோ?"

மாமி சிரிக்கவில்லை. அவர் மகன், என் வீட்டுக்காரர், பினாங்கு போய்ப் பத்து மாதம். எனக்கு இந்த மாதம் தள்ளியும் போயிருக்கிறது.

14-11

மாமிக்கு எழுதத் தெரியாது. மகனுக்கு அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். பி.ஏ. மருமகள் என்று பெருமை வேறு. இன்று ஏர்மெயில் தாளை எடுத்துக்கொண்டு ஷரபுன்னிசா வீட்டுக்குப் போனார்.

என்ன எழுதச் சொன்னாக? அல்லாவே, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?

15-11

தபாலில் சேர்த்தாயிற்றாம்.

17-11, செவ்வாய்

"கெளம்பு. உள்ளூர் டாக்டரு வேணாம், திருப்பத்தூருக்குப் போவோம்" என்றார் மாமி. பஸ்ஸில் ஜரீனா என் மடியில். டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டார்: "இவ உண்டாயிருக்காளா? அதை மட்டும் சொல்லுங்க."

பரிசோதித்துவிட்டு, இல்லை என்றார். பிறகு என்னிடம் ஒவ்வொன்றாக விசாரித்தார். "இது ஒத்தைத் தலைவலிம்மா. தலைசுத்து, படபடப்பு, தூக்கமில்லாம கெடக்கறது, மனசு சோர்ந்து போறது, இதெல்லாம் இந்த வலி உள்ளவங்க நெறையப் பேருக்குக் கூடவே வருது. கவலையில மாசமும் தள்ளிப்போகும். பட்டினி ஆகாது."

வெளியே வந்ததும் மாமி, "ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே, மாமி."

"கேக்க வாய் வரலடி."

திரும்பும்போது ஜரீனாவை அவரே மடியில் வைத்துக்கொண்டார்.

18-11

மாமி புதிய ஏர்மெயில் தாளை என் முன்னால் வைத்தார். "எழுது. மகனே, முந்தின கடுதாசியில சொன்னது என் புத்திக் கோளாறு. அவளுக்குத் தலைவலி நோவு. அவ மேல ஒரு தப்பும் இல்லை."

எழுதினேன். முந்தின கடிதம் மூன்று நாள் முந்திப் போய்க்கொண்டிருக்கிறது.

மாமி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் கையெழுத்தைப் பாத்தா, நீயா எழுதிக்கிட்டேன்னுல்ல நெனைப்பான்?" என்று பேனா மையைப் பெருவிரலில் தடவி, அடியில் அழுத்தி வைத்தார்.

ரேகைக்குப் பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் நான் ஒரு வரி சேர்த்தேன்: சீக்கிரம் பதில் எழுதுங்கள்.