கடல்காத்து பேஜுக்கு வந்த எச்சரிக்கை

இஞ்சாருங்கோ,

நான் அக்காவைப் பாக்க மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குப் போறன். புட்டு மூடி வைச்சிருக்கு. மீன்குழம்பைச் சூடாக்கிப்போட்டுச் சாப்பிடுங்கோ.

உங்கடை கடல்காத்து பேஜுக்கு பேஸ்புக்கிலையிருந்து எச்சரிக்கை வந்திருக்கு. இன்னொருக்காப் பிழை விட்டால் பேஜை முடக்கிப்போடுவினமாம். கடலுக்குப் போன யதுசன்ரை படகு கவிழ்ந்திட்டுதெண்டு விசாரிக்காமல் போட்டியள். அவன் வேறை கரையிலை சுகமாய் ஏறினவன். உங்கடை செய்தியைப் பாத்துத் தாய் இரத்தினம்மா மயங்கி விழுந்திட்டா. பிழையெண்டு சொன்ன ஆக்களையும் தூஷணத்தாலை பேசினியள். அவையள்தான் முறைப்பாடு குடுத்தவை. நேற்று நான் சொல்ல, “உனக்கென்ன தெரியும்” எண்டு என்னிலையும் பாய்ஞ்சியள்.

கொழும்புத்துறையிலை எத்தினை பேர் உந்தப் பேஜைப் பாத்துத்தான் கடலுக்குப் போகினம். அது இல்லாட்டி அவையளுக்கு ஆர் காத்தைச் சொல்லுறது?

நானும் அட்மின்தானே, நீங்கள் ஏசின கொமெண்டுகளை அழிச்சிட்டன். செய்தி பிழை, மன்னியுங்கோ எண்டு நீங்கள்தான் போடவேணும். இனி ஆற்றையும் பேரைப் போட முதல் அவையின்ரை வீட்டுக்கு ஒருக்காப் போன் எடுங்கோ.

நாலு மணிக்கு இரத்தினம்மா வீட்டை போய் நேரிலையும் மன்னிப்புக் கேளுங்கோ. வருவாரெண்டு அவவுக்குச் சொல்லியிருக்கிறன்.

கேதீஸ்வரி

வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டிலை குடுத்திட்டுப் போங்கோ.

இப்பதான் இரத்தினம்மா போன் எடுத்தவ. “உவரை வரச்சொல்லு பிள்ளை, நான் ஏசமாட்டன். நாளைக்கு என்ரை பெடியன் திரும்பக் கடலுக்குப் போறான். காத்து எப்பிடியெண்டு உவரிட்டைத்தானே கேக்கவேணும்” எண்டவ.