காருக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில்

14-10-68, திங்கள்
காலையிலிருந்து தூறல். வார்டு துடைத்தாச்சு. ஊசிகள் கொதிக்க வைத்தாச்சு.
ஆஸ்பத்திரி கார் உத்தனப்பள்ளி போகாமல் பாதியிலேயே திரும்பிவிட்டது. முன்கண்ணாடியில் தண்ணீர் பீச்சுவதற்கு உள்ள பாட்டில் உடைந்துவிட்டதாம். லாரிகள் வாரியடிக்கிற சேற்றை வைப்பர் இன்னும் இழுகிவிடுகிறது. "கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுற மாதிரி இருக்குதுங்கம்மா. ஒரு மாட்டுவண்டி மேலயே ஏத்தியிருப்பேன்" என்று டிரைவர் முனிராஜண்ணன் டாக்டரம்மாவிடம் சொன்னார்.
உத்தனப்பள்ளியில்தான் அக்கா. ஒன்பதாம் மாதம். போன தடவை பிள்ளை தங்கவில்லை. வெள்ளிக்கிழமை தானே போய்க் காரில் கூட்டி வருவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். இனி?

15, செவ்வாய்
மழை. துணி காயவில்லை.
அது வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன சீமைக் கார். பெங்களூரிலும் கேட்டாச்சு, பாட்டில் கிடைக்காது. ஓசூர் மெக்கானிக் பாஷா பாய் ஊறுகாய் ஜாடி வைத்துப் பார்த்தார். தளும்பி வழிகிறது.
காலி குளுக்கோஸ் பாட்டில் கழுவும்போது தோன்றியது. கண்ணாடி, இறுக்கமான ரப்பர் மூடி. யாரிடம் சொல்வது? ஆம்பிளைங்க நிற்கிற இடம், கால் வரவில்லை. சிஸ்டரிடம் ஒன்று கேட்டு வாங்கி, ஆம்பிளைங்க டீ குடிக்கப் போனபோது கார் மேல் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

17, வியாழன்
பொருத்திவிட்டார்கள்! மூடியில் துளை போட்டு டியூப்பை அடிவரை இறக்கி.
"காருக்கு ஜுரமா பாய், குளுக்கோஸ் ஏத்துறீங்க?" கம்பவுண்டர் கிண்டல்.
"வா, உனக்கும் ஒண்ணு ஏத்தறேன்."
பாய் பொத்தானை அமுக்கினார். இரண்டு தரம் பீச்சியது. அப்புறம் நின்றுவிட்டது. "பம்பே போச்சு" என்றார் பாய். முனிராஜண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார்.
ஜன்னலுக்குப் பின்னால் நான். வார்டில் சிஸ்டர் குளுக்கோஸ் மூடியில் இன்னொரு ஊசியும் குத்துவார்கள், காற்று உள்ளே போக. மறந்தால் சொட்டு நின்றுவிடும். அக்கா முகம் வந்தது. போனேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "காத்து ஊசி குத்தலை" என்றேன்.
"என்ன பாப்பா?"
திரும்பச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பாய் பழைய ஊசி ஒன்று வாங்கிக் குத்தினார். அமுக்கினார். பீச்சியது. மறுபடியும், மறுபடியும். "ஆய்த்து!" என்று கன்னடத்தில் ஒரு கத்து. என் முகத்திலும் தெறித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

18, வெள்ளி
பெருமழை. கார் விடிந்ததுமே போய்விட்டது. வேலை ஓடவில்லை. ஒரே போர்வையை இரண்டு தரம் துவைத்தேன்.
மத்தியானம் ஹாரன். பின்சீட்டில் அக்கா, டாக்டரம்மா மடியில் தலை. கார் முழுக்கச் சேறு. முன்கண்ணாடி மட்டும் பளிச்.

19, சனி
ஸ்தோத்திரம். பெண் குழந்தை. என்ன கத்து கத்துகிறது! அக்கா கஞ்சி குடித்தாள்.
டாக்டரம்மாவுக்கு, சிஸ்டருக்கு, பாய்க்கு, எல்லாருக்கும் நன்றி சொல்லவேண்டும். முதலில் முனிராஜண்ணன். கார் கழுவிக்கொண்டிருந்தார்.
"வழியெல்லாம் அமுக்கிக்கிட்டே வந்தேன் பாப்பா. பாட்டில் காலி."
நின்றேன். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து பாட்டிலை நிரப்பினேன்.