காப்புக் கட்டிய கையோடு

அண்ணி,

இன்று காலை காலனிக் கோயிலில் காப்புக் கட்டினார்கள். ஈர மஞ்சள் வாசனை நம் வாசல் வரை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு உன் நினைப்புதான். போய்ச் சேர்ந்த பிறகும் என்னைச் சும்மா விடமாட்டேன் என்கிறாயே, இது நியாயமா?

எழுபதுகளில், நாம் இங்கே வந்த பிறகு நடந்த முதல் ஆடித் திருவிழாவை நீ மறந்திருக்க மாட்டாய். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் கிடந்த நம் ஊரைக் காலி செய்து, மின்சாரம் எடுக்கப் போகிறோம் என்று வேலி போட்டுவிட்டார்கள். நிலம் வைத்திருந்தவருக்கு ஈடு கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு வயிறு கழுவிய நமக்கு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரே மாதிரி வரிசை வீடுகள். அண்ணன் ஒருநாள் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து "சோறு போடு" என்று உட்கார்ந்துவிட்டார். நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

நாம் இருவரும் அந்த வேலிக்குள்ளேயே சித்தாள் வேலைக்குப் போனோம். வேறு எங்கே போவது? அண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை. உன் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

அந்த ஆடியில் உன் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி மருந்தும் கேட்கவில்லை. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டிக்கொண்டாய். காப்புக் கட்டியவர்கள் கூழ் ஊற்றும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வேண்டுதல் பலிக்காது. அன்றைக்கே மேஸ்திரி சொல்லி அனுப்பினான்: "நாளிக்கு வராதவங்க இனிமே வரவே வேணாம்."

போகாவிட்டால் உலை ஏறாது. போனால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. நீ பூசாரியிடம் ஓடினாய், நானும் பின்னாலேயே வந்தேன்.

"எல்லை எதுவரிக்கும், மாமா?"

பழைய ஊரில் பனந்தோப்பு ஒரு எல்லை, கால்வாய் ஒரு எல்லை என்று குழந்தைக்கும் தெரியும். இங்கே? அங்கே நின்ற ஒருவர் ரோடு என்றார். இன்னொருவர் அதிகாரிகள் நட்ட கல் என்றார். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னிய இன்னாம்மா கேக்கற? அம்மனையே இப்பத்தான் தூக்கினு வந்து வெச்சிகீறேன். அவளே வழி தெரியாம முழிச்சிகினு கீறா!"

நீ முந்தானையை இழுத்துச் செருகினாய். "நான் வேற ஊருக்கா போறேன்? எங்க வூடு இருந்த எடத்துக்குத்தானே போறேன். அது எப்டி தாண்டறதாவும்?"

எனக்கு அது சரி என்றும் பட்டது, தப்பு என்றும் பட்டது.

மறுநாள் காப்புக் கட்டிய கையோடு வேலைக்கு வந்தாய். ஜல்லிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடுவெளியில் நின்றுவிட்டாய். "நம்ப வூடு எதுடீ? கெணறு எங்க?" சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மட்டமாக மண் அடித்து நிரவியிருந்தார்கள். நான் ஒரு பக்கம் கையைக் காட்டினேன், நீ வேறு பக்கம் காட்டினாய். ஐயோ, உன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. மேஸ்திரி கத்தினான். நடந்தோம்.

கூழ் ஊற்றிய அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. "ஆத்தா கோச்சிக்கல. நீ எல்லை தாண்டல" என்றார் பூசாரி. நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ அழவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தப் பிள்ளை இன்று வேலிக்குள்ளேதான் உத்தியோகம் பார்க்கிறான். மின்நிலையம் வந்தது நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? அவன் வீட்டு ஃபேன் காற்றில் உட்கார்ந்தால் நல்லது என்று தோன்றுகிறது. கடலுக்குப் போக வேலியைச் சுற்றிக்கொண்டு நடக்கும்போது வயிறு எரிகிறது.

பூசாரி அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம் நீ என்னிடம் கேட்டதை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. இறக்கி வைக்கவும் முடியவில்லை.

"நான் தாண்டலன்னா, நம்ப ஊரு இன்னும் அங்கதான் கீது. அப்போ நாம இங்க இன்னாத்துக்குடீ குந்தினுகீறோம்?"