பெயர் எழுதிய அட்டை

லைமா, ஓஹையோ
மார்ச் 4, 2023

திரு. ஓல்ட்மன் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் மகனை நன்றாகத் தெரியும். பந்து வீசுகிற ஜெரட் கிம்பிளின் அம்மா நான்.

எங்கள் ஊர் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டை விற்கும் கடைக்குப் போய் அவனுடைய அட்டை ஒன்று கேட்டேன். கடைக்காரர் டேல் கையை விரித்தார். "வந்த வேகத்துல அயோவாவுல ஒருத்தர் வாரிக்கிட்டுப் போயிடறாரு. ஓல்ட்மன்னு பேரு. பச்சை ஓரம், ஊதா ஓரம், எதையும் விடறதில்ல. நீங்க பெத்தீங்க, அவரு சேர்க்கறாரு!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் முகவரியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

பொன் நிற ஓரம் போட்டு உலகத்துக்கே ஒன்றுதான் அச்சடித்தார்களாமே, அதுவும் உங்களிடம்தானாம். அதை எனக்குக் கொடுங்கள். அவனுக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். உங்களுக்கு அவன் யார்?

இப்படிக்கு,
லொரேன் கிம்பிள்


டாவென்போர்ட், அயோவா
மார்ச் 13

மதிப்புக்குரிய திருமதி கிம்பிள்,

உங்கள் கடிதத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவன், தனிக்கட்டை. பெரிய நட்சத்திரங்களைச் சேர்க்க எனக்கு வசதி கிடையாது. என் போன்றவர்கள் எங்களுக்கென்று ஓர் ஆட்டக்காரரைப் பிடித்துக்கொள்வோம். ஜெரட் ஒரு கோடையில் இங்கே ஆடினார். மழையில் எல்லோரும் உள்ளே ஓட, அவர் மட்டும் நின்று எனக்குக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர்தான் என் ஆள்.

பொன்னைத் தர முடியாது, மன்னியுங்கள். ஒரே அட்டையை ஏழு நிற ஓரங்களில் போடுவார்கள். ஏழும் சேர்ந்தால் வானவில் என்போம். பொன் போனால் என் வானவில் போயிற்று. என்னிடம் இரண்டாக இருக்கும் நீலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பணம் வேண்டாம்.

அவர் ஆடும் கிளப்பின் முகவரிக்கு ஓர் அட்டையும், என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையும் அனுப்பினால், கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரியும் இருக்கும். போன மாதம், "முழங்கை புதுசு மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தார். உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

அன்புடன்,
மெர்வின் ஓல்ட்மன்


லைமா
மார்ச் 20

திரு. ஓல்ட்மன்,

சொல்லவில்லை. மூன்று வருடமாக ஒரு வார்த்தை கிடையாது. பழைய எண்ணும் இப்போது வேலை செய்வதில்லை. முழங்கையில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது, "போதும்டா, வந்து மாமா டயர் கடையில சேர்ந்துக்கோ" என்றேன். அதில் என்ன தப்பு? "உனக்கு என் மேல நம்பிக்கையே இல்லம்மா" என்றவன்தான், அத்தோடு சரி.

பெற்றவளுக்கு இல்லாத முழங்கைச் செய்தி பேருந்து ஓட்டுபவருக்குத் தபாலில் வருகிறது! உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது.

ஓர் உதவி. நீங்கள் கொடுத்த நீலத்தையே அனுப்புகிறேன். உங்கள் அட்டை என்று சொல்லி அவனுக்கு அனுப்புங்கள். என் பெயரைப் பார்த்தால் பிரிக்கவே மாட்டான். உங்களுக்குச் செலவு வைக்க மனமில்லை. அதனால் திரும்பி வரும் உறையில் உங்கள் முகவரியை நானே எழுதித் தபால்தலையும் ஒட்டிவிட்டேன். அவன் கையெழுத்து என் வீட்டில் இருந்தால் போதும்.

லொரேன்


டாவென்போர்ட்
மே 22

அன்புள்ள லொரேன்,

உறை வந்து இரண்டு வாரம் ஆகிறது. அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

என் பெயர் இருந்ததால் பிரித்தேன். நீலத்தின் மேல் இப்படி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு. உறை மேல இருக்கற கையெழுத்து எனக்குத் தெரியாதா? பின்பக்கம் புது நம்பர். கூப்பிடு. ஜெரட்."

அட்டை சேர்க்கும் எங்கள் வட்டாரத்தில் இன்னாருக்கு என்று பெயர் எழுதிய அட்டைக்கு மதிப்புக் கிடையாது. அடுத்தவன் வாங்க மாட்டான். அதனால் ஒவ்வொரு முறையும், "பெயர் வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்" என்று நானேதான் கேட்டுக்கொள்வேன். என் ஆல்பம் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். ஓர் அட்டையில்கூட என் பெயர் இல்லை. உங்கள் அட்டையை மேசை மேல் வைத்துக்கொண்டு பொறாமையில் வெந்தேன். அங்கே அவர் போன் வருமென்று காத்திருப்பார் என்று தெரிந்தும் வைத்திருந்தேன்.

அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. நீலத்தோடு பொன்னையும் வைத்திருக்கிறேன். நீங்கள்தான் அவருடைய ஆள்.

மெர்வின்


லைமா
ஜூன் 13

அன்புள்ள மெர்வின்,

கூப்பிட்டேன். எடுத்தவுடனே, "எத்தனை நாளா போனையே பாத்துக்கிட்டிருக்கேன், இன்னும் கோபம் தீரலையாம்மா?" என்றான். அந்த நிமிடம் நீங்கள் எதிரில் இருந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன். பிறகு மார்ச் மாதம் நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் ஞாபகம் வந்தது. தபால் தாமதம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று ஆட்டம் இல்லாததால் வீட்டுக்கு வந்தான். இரண்டு தட்டு இறைச்சி அப்பம் சாப்பிட்டான். பொன் அட்டையைப் பார்த்து, "யாரும்மா இந்த மனுஷன்? பேரே போட வேணாம்பாரு. விக்கறவர்னுதான் நினைச்சேன்" என்றான். "விக்கறவரா! மழையில நின்னு கையெழுத்துப் போட்டியாமே, அவருதாண்டா. உன் மேல பைத்தியம் அவருக்கு. உன் அட்டைய எனக்கே தரமாட்டேன்னவரு" என்றேன். வெகுநேரம் சிரித்தான். பிறகு பேனாவைக் கேட்டான்.

பொன்னைத் திருப்பி அனுப்புகிறேன். அதன் மேல், "மெர்வினுக்கு, அந்த மழை நாள் ஞாபகம் இருக்கு, ஜெரட்" என்று இருக்கிறது. இனிமேல் அதை யாரும் வாங்க மாட்டார்கள். வானவில்லில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் ரெண்டு வரி எழுதட்டுமா?" என்று கேட்டான். நான்தான் போதும் என்றேன்.

லொரேன்