சுவரைப் பார்த்து நின்ற வண்டி

அண்ணே,

நேற்று பேத்தி தன் காருக்குச் சக்கர அலைன்மென்ட் பார்க்கத் தேனிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். நாலு சக்கரத்திலும் என்னவோ கருவியை மாட்டினார்கள். டிவி மாதிரி ஒரு பெட்டியில் எண்கள் சிவப்பாக ஓடிப் பச்சையாக நின்றன. யாரும் யாரிடமும் அளவு கேட்கவில்லை. ஆனால் வெயிலில் காய்ந்த டயர் வாசனை மட்டும் மாறவே இல்லை. அது மூக்கில் ஏறியதும் நம் பழைய பட்டறைக்குள் நிற்பது போலிருந்தது. "என்ன அம்மாச்சி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள். அவளிடம் என்ன சொல்வது? சொல்ல வேண்டியது உன்னிடம்தான்.

எழுபதுகளின் கடைசி அது. கிட்டப் பார்வை உனக்கு மங்கத் தொடங்கிய பிறகு, பட்டறையில் அளவு சொல்வது என் வேலையாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் அங்குலத்தில் அரை, கால், அரைக்கால் எல்லாம் அந்த ஐந்து வருடத்திலேயே படித்து முடித்துவிட்டேன். அந்த அரைக்கால் அங்குலத்தைத்தான் பட்டறைக்காரர்கள் ஒரு நூல் என்பீர்கள். முன் சக்கரம் இரண்டிலும் சாக்பீஸ் பூசி, ஆணியால் கோடு கீறி, கோட்டுக்குக் கோடு டேப் பிடிப்பேன். சக்கரத்தின் முன் விளிம்பில் ஓர் அளவு, பின் விளிம்பில் ஓர் அளவு. முன்னால் ஒரு நூல் குறைந்திருக்க வேண்டும். சக்கரங்கள் லேசாக உள்பக்கம் பார்த்து நின்றால்தான் வண்டி நேர் பிடிக்கும். அடியில் மல்லாந்து படுத்து ஸ்டியரிங் கம்பியைத் திருகுகிற உனக்கு என் குரல்தான் கண்.

ஏலத்தோட்ட முதலாளியின் பழைய சீமைக் கார் அப்போதுதான் வந்தது. கூரை கிடையாது, இரண்டே பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாகக் கிடக்கும். மலையில் இறங்கும்போது ஒருபக்கமாக இழுக்கிறது என்று கொண்டுவந்து விட்டார். ஜீப்புகளை எப்போதும் நாம் ரிவர்ஸில்தான் பட்டறைக்குள் ஏற்றுவோம். ரோட்டைப் பார்த்து நின்றால் விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வெரசாகக் கிளம்பலாம். இந்தக் காரை அப்படி ஏற்றியபோது புகைக்குழாய் வாசல் கல்லில் இடித்தது. வேறு வழியில்லாமல் சுவரைப் பார்க்க நிறுத்தினாய்.

நான் அளவு சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜீப்பு ஓட்டும் செல்லத்துரை வாசலில் நின்று பீடி பற்றவைத்தான்.

"ஏண்ணே, சீமைக் காருக்கும் தங்கச்சிதான் அளவா? பூ அளக்குற மொழத்துலயா சொல்லுது?"

"ஒன் ஜீப்பு எட்டு மாசமா நான் சொன்ன அளவுலதான்டா மலை ஏறுது. வாயப் பொத்திக்கிட்டுப் போ."

வண்டிக்கு அடியிலிருந்து நீ சிரித்தாய். நான் கோபம் அடங்காமலே அடுத்த அளவைக் கத்தினேன்.

சாயங்காலம் சமதளத்து ரோட்டில் சிலமலை ஊர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாய். "தொட்டாப் போதும் தாயி, வெடுக்குன்னு ஒடிஞ்சு திரும்புது. ரேசு வண்டின்னா ரேசு வண்டிதான்!" அந்தத் துள்ளல் வண்டியின் குணம் என்று நீ நம்பினாய். நானும் நம்பினேன்.

மறுநாள் காலையில் காரை மலைக்கு ஓட்டிப் போனாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி ஓட்ட, நீ பக்கத்தில் உட்கார்ந்து நம் ஊர் போடிக்கு இறங்கிவருவதாகப் பேச்சு.

நீ போனபின், உச்சிவேளையில்தான் பட்டறையைக் கூட்டினேன். வாரியல் சுவரோரம் போனதும் கை நின்றுவிட்டது. சாக்பீஸ் தூள் முழுக்க அங்கே கிடந்தது. எந்த ஜீப்புக்கும் அது வாசல் பக்கம்தான் விழும். முன் சக்கரம் அங்கேதானே நிற்கும். அப்போதுதான் புரிந்தது. கார் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறது. நானோ பழக்கத்தில் ரோட்டுப் பக்கத்து விளிம்பையே முன்விளிம்பு என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே பார்க்க வேண்டிய சக்கரங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. சமதளத்தில் துள்ளிய வண்டி, மலையுச்சி மெட்டிலிருந்து இறங்குகிற வளைவுகளில் என்ன செய்யும்?

வாரியலைப் போட்டுவிட்டு ஜீப்பு நிற்கும் இடத்துக்கு ஓடினேன். மலைக்குக் கிளம்பி நின்றது செல்லத்துரையின் ஜீப்பு.

"என்ன தங்கச்சி, மலையில யாருக்கு அளவெடுக்கப் போற? ஏறு ஏறு."

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனிடம் என்ன சொல்லி ஏறுவது? அளவு தப்பிவிட்டது என்றா?

"நான் எங்கயும் வரல. நீ ஒன் சோலியப் பாரு."

ஜீப்பு போய்விட்டது. அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆனது. அதில் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிற வண்டியை எட்டி எட்டிப் பார்த்தேன். "வெரசாப் போப்பா, வெரசாப் போ" என்று டிரைவரைப் பிடுங்கி எடுத்தேன்.

மெட்டுக்கு இரண்டு வளைவு கீழே கூட்டம் நின்றது. தடுப்புச் சுவர் உடைந்து, காரின் ஒரு முன் சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. முதலாளி மலைப்பக்கம் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீ நின்றுகொண்டிருந்தாய். வலது மணிக்கட்டை இடது கை தாங்கியிருந்தது.

"அண்ணே, முன்னாடியப் பின்னாடின்னு சொல்லிட்டேண்ணே."

நீ காரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "சுவத்தப் பாத்து நிறுத்துனவன் நான்தான தாயி. எனக்கும் உறைக்கல" என்றாய். அவ்வளவுதான். அந்தக் கை பிறகு ஒருநாளும் ஸ்பானரை இறுகப் பிடிக்கவில்லை. எண்பதுகள் முழுக்க நம் பட்டறையில் கம்பி திருகியது நான்தான். என் துணிச்சலை ஊரே மெச்சியது. நானும் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட அன்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நீ சொன்னாய்: "தப்பு தெரிஞ்ச நிமிசமே ஓடியாந்துருக்கா என் தங்கச்சி. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மேலயே மறிச்சிருப்பா." செல்லத்துரை கட்டில் கால்மாட்டில் நின்றான். நடந்ததைச் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் என்னை ஒருதரம் பார்த்தான்.

"ஆமாண்ணே. என் ஜீப்புல ஏறத்தான் வந்துச்சு. எடமில்லன்னு நான்தான் விட்டுட்டுப் போயிட்டேன்."

நீ அவனை வைத வசவு இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு இத்தனை வருடத்திலும் திறக்கவில்லை.

இடம் இருந்தது, அண்ணே. முன் சீட்டே காலியாக இருந்தது.